வாசமில்லாத பால்

பெண் பார்க்கப் போன வீட்டிலும் ஆராய்ச்சி செய்த மனிதர், பேராக் மாநிலம் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் பால் டாக்டர்.

மாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கோப்பெங் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவர். அங்கே பால் என்றால் ரப்பர் மரத்துப் பால்தான். எழுபதுகளில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் அதையே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். சட்டைப் பையில் எப்போதும் லிட்மஸ் தாள் இருக்கும். என் சித்தப்பா மகள் கல்யாணப் பந்தியில் அதை ரசத்தில் முக்கிப் பார்த்து, புளி பத்தாது என்று சமையல்காரரிடமே சொன்னார். சமையல்காரர் கரண்டியோடு துரத்தினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஓடுகிற ஓட்டத்திலும் அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அடுத்த மாதமே தன் மாமாவை அழைத்துக்கொண்டு ஈப்போவில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார். கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று நான் மனசுக்குள் முடிவு செய்திருந்தேன்.

ரப்பர் பால் கெடாமலிருக்க அமோனியா ஊற்றுவார்கள். பக்கத்தில் போனால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்த நெடியே இல்லாமல் பாலைக் காப்பாற்றும் வழியைத்தான் அவர் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வாரம்தான் கிடைத்ததாம். சந்தோஷத்தில் ஒரு போத்தலைக் கையோடு கொண்டுவந்து, "புதுப் பாலும்மா, மோந்து பாருங்க" என்று அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா டவுனிலேயே வளர்ந்தவள். மோந்தாள். வாசம் இல்லை. டின் பால் ஊற்றுகிற வீட்டுக்கு மாப்பிள்ளை பசும்பாலோடு வந்திருக்கிறார் என்று பூரித்துப்போய், நேரே அடுப்படிக்குப் போனாள்.

கோப்பியில் ஊற்றிக் கலக்கினாள். கொஞ்சத்தில் கரண்டி சுற்ற மறுத்தது. இழுத்தாள், குவளையும் சேர்ந்து வந்தது. அம்மா போட்ட சத்தம் கேட்டு வந்த அப்பா கூடத்துக்குத் திரும்பி, "பொண்ணு பாக்க வந்தீங்களா, எங்கள சாவடிக்க வந்தீங்களா?" என்றார். மாமா எவ்வளவோ சமாதானம் சொன்னார். அப்பா வாசலைக் காட்டிவிட்டார்.

வாசலில் அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு வாசம் வந்துச்சா?"

"வரலை."

"அப்ப ஜெயிச்சிட்டேன்லா."

முகமெல்லாம் பல்லாகப் போனார். சம்பந்தம் முறிந்தது மாமா சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

பல வருடம் கழித்து என் மகளை அதே பல்கலைக்கழகத்தில் சேர்க்கப் போனபோது, அங்கே பெரிய விஞ்ஞானிகள் வரிசையில் அவர் படமும் தொங்கியது. வெகுநேரம் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் நல்லவர், வைத்த ரசத்தை வாய் திறக்காமல் குடிப்பவர். குறையொன்றும் இல்லை. ஆனாலும் அன்று 'வரலை' என்று சொன்ன வாயால், 'நானும் வாரேன்' என்று சொல்லியிருக்கலாம்.