ஒரு வாளித் தண்ணீருக்கு உத்தரவு

ஈஸ்டர் திங்கட்கிழமை காலையில் எங்கள் ஹோர்னே லாஸ்கி கிராமத்து ஆண்கள் பெண்களின் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். வில்லோக் குச்சியில் பின்னிய சாட்டையால் காலில் நாலு தட்டுத் தட்டுவார்கள். பதிலுக்குப் பெண்கள் சாயம் தீட்டிய முட்டையும் ஒரு மடக்குப் பிளம் சாராயமும் கொடுத்து, சாட்டையில் ரிப்பன் கட்டி அனுப்புவார்கள். இதனால் பெண்கள் வருஷம் பூராவும் நோய்நொடி இல்லாமல் இருப்பார்கள் என்பது ஆண்களின் ஆராய்ச்சி முடிவு. பெண்களை யாரும் கேட்டதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தால் எல்லாம் முடிந்தது. அதற்குமேல் ஊற்றுகிறவனை ஊர் மனுஷனாகவே மதிக்காது.

இவ்வளவு பெரிய காரியம் எந்த இலாகாவின் மேற்பார்வையும் இல்லாமல் பல நூறு வருஷம் நடந்திருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது. நான் கிராம அலுவலகத்துக் குமாஸ்தா.

இந்தத் தவக்காலத்தில் மாவட்ட அலுவலகத்தின் மரபு ஒழுங்குபடுத்தும் பிரிவு கண் விழித்தது. சுற்றறிக்கை வந்தது. 'ஒவ்வோர் ஈஸ்டர் வழக்கமும் கிறிஸ்தவ வழக்கமா, அதற்கு முந்தியதா என ஐயந்திரிபற வகைப்படுத்தப்படல் வேண்டும். இரண்டும் கலந்தவை, முறைப்படி பிரிக்கப்படும் வரை அனுசரிக்கப்படலாகாது.'

நான் அதை மரியாதையுடன் பெற்று, முத்திரை குத்தி, வரிசை எண் போட்டு, பிறகு திட்டினேன். முறை முறைதானே.

முதலில் மாட்டியது மொரேனா பொம்மை. குளிர்காலத்தை வைக்கோல் பொம்மையாகச் செய்து, கொளுத்தி, ஆற்றில் விடுவோம். அது சுத்தமான பழைய சமாசாரம் என்று ஒரே நாளில் அனுமதி வந்தது. ஆனால் பொம்மையைத் தூக்குகிறவர்கள் பூசை முடிந்து நேராக வருகிறவர்கள் என்பதால், கோயிலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் அவர்களை இரண்டு நிமிஷம் சும்மா நிற்க வைக்க வேண்டும் என்று நிபந்தனை. நின்றார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கும் நிற்பார்கள்.

தண்ணீர் விஷயம்தான் வெந்தெலினின் தலையில் விடிந்தது. வெந்தெலின் எங்கள் ஊர் பஸ் டிரைவர், நாற்பத்தொரு வயது, கல்யாணமாகவில்லை. தபால் நிலையத்து ஜெல்மீராவை அவனுக்குப் பிடிக்கும் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பதினொரு வருஷமாக ஈஸ்டர் திங்களன்று வாளியோடு அவள் வாசல்வரை போய், கேட்டின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பிவிடுவான். ஊரிலேயே துருப்பிடித்த கேட் அவளுடையதுதான்.

இந்த வருஷம் அப்படி முடியாது. செவ்வாய்க்கிழமை அவள் ஆஸ்திரியாவுக்குப் புறப்படுகிறாள், வயசாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. திங்கட்கிழமை அவன் ஊற்றி, அவள் சம்மதத்துக்கு அடையாளமான சிவப்பு ரிப்பனைச் சாட்டையில் கட்டினால் போகமாட்டாள். இது நானாகச் சொல்வதல்ல. தபால் தலை ஒட்டிக்கொண்டே அவளே என்னிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பொறியாளர் ஸ்வாதோபோர் காரில் வந்து இறங்கினார். என்ன பொறியியல் படித்தார் என்று தெரியாது. எங்கள் நாட்டில் அதைக் கேட்பது அநாகரிகம். தெருவின் முதல் வீட்டில் மாதிரி ஆய்வு நடத்தி, அதன்படி மற்ற வீடுகளுக்கு உத்தரவு என்றார். முதல் வீடு ஜெல்மீராவுடையது. அவள் எம்பிராய்டரி போட்ட சட்டையோடு ஜன்னலில் நின்றாள். வெந்தெலின் வாளியோடு நின்றான். பின்னால் முப்பது ஆண்கள் முப்பது வாளியோடு நின்றார்கள்.

"தண்ணி எங்க புடிச்சது?" என்றார் பொறியாளர்.

"ஓடையில, ஐயா."

"ஓடைன்னா பழைய மதம். சாட்டை?"

"குருத்தோலை ஞாயித்துக்கு சாமியார் மந்திரிச்ச குச்சி, ஐயா."

"போச்சு! அது கிறிஸ்தவம். ரெண்டும் ஒரே கையில இருக்கக்கூடாதே!"

"இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணு வச்சுக்கட்டுமா?"

பொறியாளர் யோசித்து, குறித்துக்கொண்டார். தண்ணீரை மந்திரித்துவிட்டால் தீர்ந்தது என்று யாரோ சொல்ல, பங்குச் சாமியார் கிலியானைக் கூட்டி வந்தார்கள்.

"வாளியை மந்திரிக்கலாம். ஆனா அதை ஒரு பொம்பளை தலையில கொட்டினா, அது ஞானஸ்நானம் மாதிரி ஆயிடும். அவளுக்கு நான்தான் நாப்பது வருஷம் முன்னாடியே குடுத்தாச்சே. ரெண்டு தடவை குடுக்க பிஷப் ஒத்துக்க மாட்டாரு," என்றார் சாமியார்.

கடைசியில் குழாய்த் தண்ணீர் எந்த மதமும் சாராதது என்று முடிவாயிற்று. வாளி மாற்றப்பட்டது. அப்போது மணி பத்தரை. பிறகு முட்டை. சிவப்புச் சாயம் கிறிஸ்துவின் இரத்தம், அதன்மேல் வரைந்த சேவல் பழைய மதம். சேவலைச் சுரண்டும்படி பொறியாளர் சொன்னார். சுரண்டினேன், அரசாங்க ஊழியன் அல்லவா? பதினொன்றே காலுக்கு ஒரு படிவத்தை நீட்டி, வீட்டு உரிமையாளரின் சம்மதக் கையெழுத்து கேட்டார். வீடு கோஷிட்செ நகரத்தில் இருக்கும் அவள் அண்ணன் பேரில் இருந்தது. போன் போட்டோம். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஜன்னல் திறந்தது.

"நனையப்போறது நான்தானே? என் சம்மதத்துக்கு அதுல எடம் இருக்கா?" என்றாள் ஜெல்மீரா.

பொறியாளர் படிவத்தின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். "ஊத்துறவர் இருக்காரு. சாமியார் இருக்காரு. குழாய் இருக்கு. உங்களுக்குத் தனியா எடம் இல்லீங்கம்மா."

அவள் கீழே இறங்கி வந்து கேட்டைத் திறந்து நின்றாள். மணி பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம்.

"வருஷா வருஷம் கண்டவன் ஊத்தி சளி புடிச்சிருக்கு, திட்டியிருக்கேன். இன்னைக்கி நானே கதவைத் தொறந்து நிக்கிறேன். பொறியாளர் ஐயா, அனுமதி இல்லாம ஊத்தினா என்ன தண்டனை?"

அவர் சுற்றறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். முகம் மெல்ல மாறியது.

"தண்டனைன்னு... எதுவும் போடலை. இது ஒரு ஆலோசனைதான்."

அவள் வெந்தெலினைப் பார்த்தாள். "கேட்டியா?"

வெந்தெலின் வாளியைத் தூக்கினான். மார்புவரை தூக்கினான். தண்ணீர் அவன் செருப்பிலேயே சிந்தியது. பிறகு பொறியாளர் பக்கம் திரும்பினான்.

"அப்போ... ஊத்தலாங்களா, ஐயா?"

கோயில் மணி அடித்தது.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. "பாவம், இத்தனை வருஷமா உனக்கு ஒரு ஆபீசர் இல்லாமப் போச்சே," என்று சொல்லி கேட்டைச் சாத்தினாள். சொட்டுக்கூட நனையாத சட்டையோடு உள்ளே போனாள். மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பினாள். ஓட்டியவன் வெந்தெலின்தான். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ரயிலடியில் சேர்த்தான்.

பொறியாளர் தம் அறிக்கையில், 'மரபு எவ்வித ஈரமுமின்றிச் சிறப்பாக நிறைவுற்றது' என்று எழுதினார். நான் மூன்று பிரதியிலும் முத்திரை குத்தினேன்.

அந்தத் திங்கட்கிழமை மதியமே நாங்கள் ஆண்கள் எல்லோரும் சாராயக்கடையில் கூடினோம். மாவட்ட அலுவலகத்தைக் கிழிகிழி என்று கிழித்தோம். 'நம்ம முன்னோர் வழக்கத்தில் கைவைக்க இவன் யார்?' என்று மேஜையைத் தட்டினோம். வெந்தெலின்கூடத் தட்டினான். மிகக் கடுமையான கண்டனம் தெரிவிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

கண்டனத்தை எந்தப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டு, மாவட்ட அலுவலகத்துக்கு நானே பணிவுடன் எழுதியிருக்கிறேன். பதில் வரட்டும்.