கட்டிலுக்கு அடியில் ஒரு நேர்முகத் தேர்வு

நாய்களுக்கு என்னைக் கண்டால் உயிர் என்று நாற்பத்திரண்டு வயது வரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். இந்த நம்பிக்கைக்கு ஒரே ஆதாரம், குன்னூரில் நான் வேலை பார்த்த தேயிலை ஆபீஸ் வாசலில் படுத்துக் கிடந்த ஒரு வெள்ளை நாய். நான் டீக்கடையில் நின்று வடை தின்றால் அது ஓடிவந்து வாலாட்டும். வடை இல்லாத நாட்களில் அது என்னை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. (நமக்கு வேண்டியதை மட்டும் பார்ப்பதற்குத்தானே ஆண்டவன் கண்ணைக் கொடுத்திருக்கிறான்!)

அதனால், எங்கள் மகள் கவிதா ஒரு நாய் வளர்க்கவேண்டும் என்று அடம் பிடித்தபோது, "நாயைப் பத்தி எங்கிட்ட உடு. எந்த நாயும் எங்கிட்ட ஒரே நாள்ல பழகிரும்" என்று சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆகிப் பதினைந்து வருஷத்தில், நான் வாய்விட்டு மாட்டிக்கொள்ளும் இடங்களை முன்கூட்டியே அடையாளம் கண்டுகொண்டு அமைதியாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் கலையை என் மனைவி சாந்தி கற்றிருந்தாள்.

ஊட்டி காந்தலில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். தெருவில் அடிபட்டதும் கைவிடப்பட்டதுமாகப் பதினோரு நாய்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் நாயைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். ஒரு வாரம் வெள்ளோட்டம். அந்த வாரம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்துவிட்டு, பஸ் பிடித்து நேரில் வந்து பார்ப்பார். நாயும் வீடும் ஒத்துப்போனால் விட்டுவிட்டுப் போவார். இல்லாவிட்டால் கூட்டிக்கொண்டு போவார்.

எங்களுக்கு வந்தது மெலிந்த ஒரு பெட்டை நாய். கருப்பட்டி நிறம், பேரும் அதுவே ஆயிற்று. அவலாஞ்சி போகிற ரோட்டில், கழுத்தில் அறுந்த கயிற்றோடு மழையில் நின்றிருந்ததாம். டீச்சர் அதைக் கொண்டுவந்து விட்டபோது என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"தம்பி, இதுக்கு முன்ன ரெண்டு ஊட்டுல இருந்து திரும்பி வந்திருச்சுங்க. எங்க ஊட்டுலயும் மத்ததுக அதைச் சோறு திங்க உடறதில்லை. இந்தத் தடவையும் திரும்பி வந்தா அப்புறம் இது யாரையும் நம்பாதுன்னு எனக்குப் பயமா இருக்கு. கண்ணுக்கு நேரா பாக்காதீங்க. கூப்பிடாதீங்க. தலைக்கு மேல கைய நீட்டாதீங்க. நீங்க பாட்டுக்கு ஒண்ணும் பண்ணாம இருந்தீங்கன்னா அதே வரும்."

"சரீங்க டீச்சர்" என்றேன். அவர் பஸ் ஏறுவதற்குள், நாயின் கண்ணை நேராகப் பார்த்து, "கருப்பட்டீ!" என்று கூப்பிட்டு, தலைக்கு மேல் கையை நீட்டியிருந்தேன்.

நாய் ஒரே பாய்ச்சலில் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

அந்தக் கட்டிலைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊரைவிட்டுப் போன ஒரு துரையின் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது என் அப்பா வாங்கியது. இரும்புக் கட்டில், அடியில் கம்பிச் சுருள். நாலு ஆள் பிடித்தால்தான் நகரும். அதன் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு கருப்பட்டி நடுங்கியது. சாந்தியும் கவிதாவும் மட்டும் இருக்கும்போது வெளியே வரும், சோறு தின்னும், அடுப்படி வாசலில் வெயில் காயும். நான் வாசலில் கால் வைத்தால் போதும், சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடும். அந்த வாரத்தில் அது முழுச்சாப்பாடு தின்றது நான் ஆபீஸில் இருந்த நேரங்களில்தான்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். என் குரல்தான் காரணம் என்றாள் சாந்தி. செவ்வாய், புதன் இரண்டு நாளும் கிசுகிசுத்தே பேசினேன். பக்கத்து வீட்டுக்காரர் எனக்குத் தொண்டையில் ஏதோ பெரிய வியாதி என்று கவலைப்பட்டுத் தேன் கொண்டுவந்து கொடுத்தார். நாய் நகரவில்லை. அடுத்து என் பூட்ஸ் சத்தம் என்று முடிவாகி, குளிர்த் தரையில் வெறும் காலுறையோடு நடந்தேன். அதற்கும் மசியவில்லை. கடைசியில் கவிதா என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்க மீசைதாங்கப்பா" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் மீசையை எடுத்தேன். இருபது வருஷம் வளர்த்த மீசை, சுலபமாகப் போய்விட்டது.

ஆபீஸுக்குள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நம் பக்கத்தில் திடீரென்று ஒருவன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை அவசரத்தில் யோசிக்கத் தவறிவிட்டேன். தலைமைக் குமாஸ்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, அப்பாங்களா? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா வந்திருப்போமே" என்றார். "இல்லீங்க, நாய்க்காக" என்றேன். அவர் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். "நாயும் புள்ள மாதிரிதானுங்க" என்று கண் கலங்கினார். நாய் உயிரோடுதான் இருக்கிறது என்று விளக்குவதற்குள் எனக்கு மூன்று நாள் லீவு எழுதிவிட்டார்கள். (மேட்டுப்பாளையத்தில் சௌக்கியமாக இருந்த என் அப்பாவின் கைக்கே, அவர் காலமானதற்கு வருந்தி, சனிக்கிழமை ஒரு அனுதாபக் கடிதம் போய்ச் சேர்ந்தது தனிக்கதை.)

மீசையில்லாத என்னைப் பார்த்தும் கருப்பட்டி கட்டிலுக்கு அடியில்தான் போனது.

சனிக்கிழமை சாயங்காலம் கவிதா சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "நாளைக்கு டீச்சர் கூட்டிட்டுப் போயிருவாங்கல்லப்பா" என்றாள். அழவில்லை, குற்றம் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பெரிய பேச்சுப் பேசியது நான், தோற்றுப்போனது நான், திரும்பிப் போகப்போவது மட்டும் அந்த வாயில்லா ஜீவன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சரை அழைத்துவரச் சாந்தியும் கவிதாவும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. வீரனுக்கு அது போதாதா? ஊட்டி பேக்கரி வர்க்கி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்தேன்.

மார்கழிக் குளிர். உள்ளே பனியன், அதன்மேல் சட்டை, அதன்மேல் சாந்தி இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து பின்னிக்கொடுத்த கம்பளி ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், தலையில் காதை மூடிய குரங்குக் குல்லா. இப்படி ஒரு மூட்டையாக இடுப்புவரை உள்ளே போய்விட்டேன். அதற்குமேல் போக முடியவில்லை. பின்னால் வரலாம் என்று நினைத்தால், முதுகில் ஸ்வெட்டர் கம்பிச் சுருளில் நாலைந்து இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அசைந்தால் இன்னும் நாலு இடத்தில் மாட்டியது. "யாராவது வாங்க!" என்று கத்தினேன்.

மூலையில் இருந்த நாய் பயத்தில் இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. எங்கள் வீட்டுத் தரை கொஞ்சம் சரிவு. அந்தச் சரிவு என் பக்கம்தான்.

அது மெதுவாக வருவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தபோது எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அந்த நாயைப் பார்த்தேன். உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. பல்லைக் காட்டவில்லை, உறுமவில்லை. கடித்திருக்கலாம், என் மூக்கு அதற்கு இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. போக வழியில்லாமல் ஒரு குண்டு மனிதன் அடைத்துக்கொண்டு கிடக்கிறான், அப்போதும் அது என்னை ஒன்றும் செய்யாமல் தன் பயத்தைத் தானே தாங்கிக்கொண்டு நின்றது. எனக்கு வெட்கமாகிவிட்டது. கத்துவதை நிறுத்தினேன். தலையைத் தாழ்த்தி, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துவிட்டேன். அப்படித் தாழ்த்தும்போது குல்லா ஒரு கம்பியில் மாட்டிக் கழன்று மேலேயே தொங்கிக்கொண்டது. என் வழுக்கைத் தலையில் ஜில்லென்று காற்றடித்தது.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. முதலில் நடுக்கம் நின்றது. பிறகு ஒரு கால் எடுத்து வைத்தது, திரும்பிப் போனது. மறுபடி ஒரு கால். நான் மூச்சைக்கூட அளந்து விட்டேன். கடைசியில் என் உச்சந்தலையில் ஈரமாக ஒரு மூக்கு பட்டது.

இரண்டடி தூரம்தான். ஆனால் உலகத்தில் எல்லாவற்றையும்விட எதற்குப் பயப்படுகிறதோ, அதை நோக்கி அந்த நாய் தானாக நடந்து வந்தது. மேனேஜர் கூப்பிட்டால் மாடிப்படியிலேயே கால் நடுங்குகிற ஆள் நான். அதன் தைரியத்தில் கால்வாசி எனக்கு வாழ்நாளில் ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது.

"ஏனுங்க, எங்க போனீங்க? டீச்சர் வந்துட்டாங்க" என்று சாந்தியின் குரல் கேட்டது. காலடிச் சத்தம் அறை வாசலிலேயே நின்றுவிட்டது. கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் இரண்டு காலையும் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கவேண்டும்.

"யாரும் அசையாதீங்க" என்றார் டீச்சர். தரையில் என் கால்மாட்டில் உட்காரும் சத்தம் கேட்டது. "தம்பி, நாய் எங்க இருக்குது?"

"என் தலைகிட்டங்க டீச்சர்."

"என்ன பண்ணுது?"

"மண்டைய நக்குதுங்க."

"கையில என்ன வெச்சிருந்தீங்க?"

"வர்க்கிங்க. அதையும் தின்னுருச்சு."

"நீங்க என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. மாட்டிட்டுக் கெடக்கறன்."

"ஒரு வாரமா அதைத்தானுங்களே நானும் சொன்னேன்" என்றார் டீச்சர்.

வாழ்க்கையில் நான் போன எந்த நேர்முகத் தேர்விலும் இவ்வளவு சுருக்கமாகவும் உண்மையாகவும் பதில் சொன்னதில்லை. சாந்தி கத்தரிக்கோலோடு பக்கவாட்டில் தவழ்ந்து வந்தாள். இரண்டு மழைக்காலத்து உழைப்பை ஒரு வினாடிகூடத் தயங்காமல் கரக் கரக் என்று வெட்டினாள். நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். பின்னாலேயே கருப்பட்டி தலையை நீட்டியது. கவிதா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இந்தாங்க, சளி புடிச்சுக்கும்" என்று சாந்தி குல்லாவை நீட்டினாள். வாங்கித் தலையில் மாட்டினேன்.

நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கே போய்விட்டது.

டீச்சர் என்னையே பார்த்தார். "தம்பி, கழட்டுங்க." கழற்றினேன். நாய் மெல்ல எட்டிப் பார்த்தது. "போடுங்க." போட்டேன். காணாமல் போனது. அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அந்த ரெண்டு ஊட்டுலயும் ஆம்பளைங்க குல்லா போட்டிருந்தாங்க. நான் கவனிக்கவே இல்லை. தப்பு எம்மேலதாங்க" என்றார். கணக்கு டீச்சர் ஒருவர் தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர்மேல் இருந்த மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது.

அவரை மட்டும் என்ன சொல்ல? குரல், பூட்ஸ், மீசை என்று என்னை அங்குலம் அங்குலமாக அலசிய எங்கள் மூவருக்கும்கூடக் குல்லா தோன்றவில்லை. நீலகிரியில் ஆண்பிள்ளை தலையில் குல்லா இருப்பது முகத்தில் மூக்கு இருப்பது மாதிரி. எந்தக் குல்லாக்காரன் அதை என்ன செய்தானோ, அந்தப் பாவத்தை அது சொல்லவா முடியும்?

"இப்ப முடிவு உங்களுதுங்க தம்பி" என்றார் டீச்சர். "ஊட்டுக்குள்ள எந்நேரமும் குல்லா இல்லாம இருக்கோணும். மார்கழி, தை எல்லாம் சேத்தித்தான். எங்களுக்காகச் சரின்னு சொல்லாதீங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. நான் கூட்டிட்டுப் போயிர்றேன்."

எனக்குப் பிறவியிலேயே சளி உடம்பு. குளிக்கும்போது மட்டும் குல்லாவைக் கழற்றுகிறவன். சாந்தியைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். கவிதா சுவரைப் பார்த்தாள். இருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நான் வழக்கம்போல் வீம்புக்கு மறுத்திருப்பேன் என்று இருவருக்கும் தெரியும். நான் எழுந்து வாசலுக்குப் போய், வெளியே குடை மாட்டுகிற ஆணியில் குல்லாவை மாட்டிவிட்டு, பலமாக ஒரு தும்மல் போட்டேன். அதுதான் என் பதில்.

தும்மல் சத்தத்துக்கு நாய் ஓடவில்லை என்பதை டீச்சர் பார்த்துக்கொண்டார். காப்பியைக் குடித்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விருந்தாளிகள் செருப்போடு குல்லாவையும் வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வீட்டு வரி வசூலிக்க வந்தவர் முதல் என் சம்பந்தி வரைக்கும் யாருக்கும் விலக்கு கிடையாது.

சம்பந்தி என்றதும்தான் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. பதினோரு வருஷம் கழித்துக் கவிதாவைப் பெண் பார்க்கத் திருப்பூரிலிருந்து வந்தார்கள். குளிர் தாங்காமல் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு குல்லா வாங்கி மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சாந்தி வாசலிலேயே கும்பிட்டு, "தப்பா நெனைச்சுக்காதீங்க, எல்லாரும் குல்லாவ மட்டும் கழட்டிருங்க. எங்க நாய் பயந்துக்கும்" என்றாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பையனுக்குத் தலைவலிங்க, அவன் மட்டும் போட்டிருக்கட்டுமே" என்றார். மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்தார். கிழவியாகிவிட்ட கருப்பட்டி கட்டில் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. "பரவாயில்லம்மா, அது பயப்படுது பாருங்க" என்று சொல்லிக் குல்லாவைக் கழற்றிவிட்டார்.

அனுப்பிய போட்டோவில் இருந்த முடியில் பாதிகூட அங்கே இல்லை.

கருப்பட்டி மெதுவாக நடந்துபோய், மாப்பிள்ளை உட்கார்ந்ததும் அவர் பாதத்தின்மேல் படுத்துக்கொண்டது. அடுப்படியில் இருந்து இதைப் பார்த்த கவிதா, காப்பித் தட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவள் அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டாளாம். நான் ஜாதகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, யோசித்து ஒரு வாரத்தில் சொல்லி அனுப்புகிறேன் என்று முறைப்படி இழுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் வீட்டில் எந்தக் காரியத்துக்காவது நான் பந்தாவாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தால், மாப்பிள்ளை சாந்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்கிறார்:

"அத்தை, எல்லாம் முடிவாயிருச்சுன்னு மாமாவுக்கு இன்னும் தெரியாதா? கொஞ்ச நேரம் கட்டிலுக்கடியில படுக்க வெய்யுங்க."