தொடாமல் தள்ளும் சிஃபூ

கோயம்புத்தூரில் கொஞ்ச காலமாக நிமிர்ந்து நிற்பவனுக்கு மதிப்பில்லை. விழுந்தவனுக்குத்தான் மதிப்பு. யார் எவ்வளவு தூரம் போய் விழுந்தார் என்பதுதான் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலைப் பேச்சு. "நான் மெத்தையையே தாண்டிப் போய் உழுந்தனுங்க" என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் இளநீர் குடித்துக்கொண்டிருப்பவர் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அவரைக் கும்பிடுவார்.

தள்ளுகிறவர் சிஃபூ அழகிரி. சிஃபூ என்றால் சீனத்தில் குருவாம். மேகத்துக்கு மேலே இருக்கிற ஒரு தாவோ மடத்தில் பல வருடம் காற்றைத் தின்று கலை கற்றவராம். சொந்தப் பெயர் அழகிரிசாமி, சொந்த ஊர் தாராபுரம். சீனாவுக்குப் போனது என்னவோ உண்மைதான். மோட்டார் உதிரிபாகம் வாங்கப் போன வியாபாரிகளோடு ஒட்டிக்கொண்டு போய், ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். அந்த ஒரு வாரத்துக்குள் சீனர்கள் தங்கள் பரம ரகசியத்தையெல்லாம் அவரிடம் கொட்டிவிட்டார்கள் போலும். பாவம், ஓட்டை வாய்க்காரர்கள்.

அவருடைய கலைக்கு மூன்று படிகள். முதல் படியில் கையைக் காலை மெல்ல அசைக்க வேண்டும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சீனத்துப் பூங்காக்களில் வயதானவர்கள் அன்றாடம் செய்வதுதான், முழங்காலுக்கு நல்லது. இரண்டாம் படியில் மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் மோசமில்லை. மூன்றாவதுதான் உயர்நிலை. எதிரே நிற்பவனைத் தொடாமலே தள்ளுவது! அடிவயிற்றில் திரளும் சக்தி கைவழியாகப் பாய்ந்து ஆளைச் சாய்த்துவிடுமாம். அந்தச் சக்திக்குச் சீனத்தில் ஒரு பெயர் உண்டு. அதைத் தமிழில் எழுதினால் 'சீ' என்ற வசவாகிவிடும் என்பதால் நாம் உள்மூச்சு என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த உயர்நிலைக்கு முதலில் வந்து சேர்ந்தவர் பாலுசாமி. மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு, பொழுது போகாமல் முதல் படிக்குப் போனார். முழங்கால் வலி கொஞ்சம் குறைந்தது. அந்த நன்றிக்கு இரண்டாம் படி. அந்த மரியாதைக்கு மூன்றாம் படி.

அங்கேதான் வினை காத்திருந்தது. கல்யாண மண்டபத்து மேடையில், வெள்ளைச் சாட்டின் அங்கியில் சிஃபூ வந்து நின்றார். மூக்கு விடைத்தது. "ஹோ!" என்று கையை நீட்டினார். பாலுசாமிக்கு ஒன்றுமே ஆகவில்லை. காற்றுக்கூட வீசவில்லை. மண்டபம் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்கிறது. எதிரே ஒரு பெரிய மனிதர் நீட்டிய கையோடு நிற்கிறார்.

பாலுசாமி கொங்கு நாட்டுக்காரர். விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாத குழம்பை ஊற்றினாலும் "நல்லா இருக்குதுங்க" என்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற வம்சம். 'நாம மரமாட்ட நின்னா, பாவம், சங்கடப்பட்டுப்போடுவாரே' என்று நினைத்தார். விழுந்தார். அதையும் அரைகுறையாகச் செய்யவில்லை. தள்ளாடிக்கொண்டே பின்னால் போய், மெத்தையில் மல்லாக்க விழுந்தார். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. அடுத்தடுத்து நின்றவர்களும் சரிந்தார்கள்.

பாலுசாமி மெத்தையில் கிடந்தபடி யோசித்தார். 'இவங்கெல்லாம் நெசமாலுமே உழுகறாங்க. எனக்கு மட்டுந்தான் ஒன்னுந் தெரியல. என்ர உடம்புலதான் ஏதோ கோளாறு.' பக்கத்தில் கிடந்தவரும் அச்சு அசலாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கிடந்தவரும்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நமக்கென்ன வந்தது? வசதியான மனிதர்கள் மெத்தையில் உருளட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் கூட்டத்தில் அப்துல் நாசர் இருந்தார். கோட்டைமேட்டில் பாத்திரக் கடைக்காரர், பாலுசாமிக்கு வாலிப வயதிலிருந்தே சிநேகிதர். முற்றிய சர்க்கரை நோய், அன்றாடம் இன்சுலின் ஊசி. "பாலுசாமியண்ணன் பொய் பேச மாட்டாரு" என்று நம்பி அவரும் போய்ச் சேர்ந்தார்.

சிஃபூ அவருடைய நாடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"ஊசி மருந்து அடிவயித்துல போயி உள்மூச்சோட வழியை அடைச்சுப்போடுதுங்க பாய். ஊசியை நிறுத்திப்போட்டீங்கன்னா உயர்நிலைக்கு வந்துரலாமுங்க. அப்பறம் சர்க்கரையாவது, உப்பாவது!"

பேசிக்கொண்டே ஒரு பச்சைக்கல் காப்பை நாசரின் கையில் மாட்டிவிட்டார். காப்பு இலவசமில்லை என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

நாசர் ஊசியை நிறுத்தினார். அவர் கால் சுண்டுவிரலில் செருப்புக் கடித்த புண் ஒன்று இருந்தது. அது ஆறுவதற்குப் பதிலாகக் கறுத்துப் பரவ ஆரம்பித்தது.

அவர் மனைவி சாஜிதா பேகம் கெஞ்சினார், அழுதார், சண்டை பிடித்தார். எதுவும் எடுபடாமல் பாலுசாமியின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணா, டாக்டர் பயமுறுத்தறாருங்க. இப்படியே உட்டா விரலோட நிக்காது, காலையே எடுக்கோணுமுன்னு சொல்றாரு. ஊட்டுக்காரர் காதுலயே வாங்க மாட்டேங்கறாரு. 'பாலுசாமியண்ணன் என்ர கண்ணு முன்னால உழுந்தாரு, அது பொய்யா'ங்கறாரு. நீங்களே சொல்லுங்கண்ணா. நெசமாலுமே தள்ளுச்சுங்களா?"

பாலுசாமி காபி டம்ளரைப் பார்த்தார்.

"ஒரு மாதிரி இருந்துச்சு அம்மணி."

"ஒரு மாதிரின்னா எப்படிங்க?"

"அதாவது... உழுகோணுமுன்னு தோணுச்சு."

"தள்ளுனா உழுவாங்க, சரிங்க. தோணுனாக்கூடவா உழுவாங்க?"

"காபி ஆறுது அம்மணி. குடிங்க."

உண்மை அவர் தொண்டை வரைக்கும் வந்தது. ஊரார் முன்னால் பொய்யாக விழுந்தவன் என்று பெயர் எடுப்பதா? ஒரு பெரிய மனிதரைப் புளுகர் என்று சொல்வதா? மரியாதை வந்து வாயை அடைத்துவிட்டது. சாஜிதா பேகம் காபியைக் குடித்து முடித்தார். "ஞாயித்துக்கிழமை நானும் வாரனுங்கண்ணா. பாத்துப்போட்டு வாரேன்" என்று எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. ஒலிபெருக்கிக்காரர் சிஃபூவின் சாதனைகளை அடுக்கினார். அந்தியூர்ச் சந்தையில் மிரண்டு ஓடிய குதிரையை, சிஃபூ தாராபுரத்தில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி நிறுத்தினாராம். குதிரையிடம் யாரும் விசாரிக்கவில்லை. சென்னிமலையிலிருந்து வந்திருந்த நெசவுக்காரச் சீடர் ஒருவர், பொன்னாடைக்குப் பதிலாக நீலக் கட்டம் போட்ட பெரிய பெட்சீட்டைச் சிஃபூவுக்குப் போர்த்திவிட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து சாஜிதா பேகம் எழுந்தார்.

"ஏனுங்க சிஃபூ, ஒரு சந்தேகமுங்க. தாராபுரத்துல இருந்து அந்தியூரு வரைக்கும் போற சக்தி, இந்தப் பெட்சீட்டைத் தாண்டுமுங்களா?"

சிஃபூ வாய்விட்டுச் சிரித்தார். "இரும்புக் கதவையே தாண்டும் அம்மணி."

"அப்பச் சரிங்க. நடுவுல பெட்சீட்டைக் கட்டிப்போடலாம். அந்தப் பக்கம் நம்ம அண்ணனுங்க எல்லாரும் வரிசையா நிக்கட்டும், இந்தப் பக்கம் நீங்க தள்ளுங்க. சத்தம் மட்டும் போட வேண்டாமுங்க. அவுங்க உழுந்துட்டாங்கன்னா, எங்க ஊட்டு ஊசியையெல்லாம் நானே குப்பையில கொட்டிப்போடறனுங்க."

சிஃபூவின் சிரிப்பு பாதியில் நின்றது. நேரம் சரியில்லை என்றார், திசை சரியில்லை என்றார். கூட்டம் விடவில்லை. சந்தேகத்தால் அல்ல, பக்தியால்! "சிஃபூவுக்கு இதெல்லாம் ஒரு பெட்சீட்டுங்களா!" என்று கத்திக்கொண்டு பக்தர்களே ஓடிப்போய்க் கயிறு கட்டினார்கள். மேடையை இரண்டாகப் பிரித்து, முன்னிருந்து பின்னாகப் பெட்சீட் தொங்கியது. கீழே இருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. சீடர்களுக்குத்தான் எதுவும் தெரியவில்லை.

பெட்சீட்டுக்குப் பின்னால் பாலுசாமிக்கு வியர்த்துக் கொட்டியது. கையைப் பார்த்தால்தானே எப்போது விழுவது என்று தெரியும்? ஒரு 'ஹோ' கேட்டாலும் போதும். முன்னால் இருப்பதோ நீலக் கட்டம். பக்கத்து ஆளை ஓரக்கண்ணால் பார்த்தார். பக்கத்து ஆள் இவரை ஓரக்கண்ணால் பார்த்தார். 'நீங்க மொதல்ல உழுங்க', 'அட, நீங்க உழுங்க' என்று கண்கள் உபசாரம் செய்துகொண்டன. ஒருவரும் அசையவில்லை.

இந்தப் பக்கம் சிஃபூ ஒரு கையால் தள்ளினார். இரண்டு கையாலும் தள்ளினார். குனிந்து தள்ளினார், எம்பித் தள்ளினார். பெட்சீட்கூட ஆடவில்லை. கடைசியில் ஓய்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து வாயில் ஊற்றினார்.

அப்போது பார்த்து சாஜிதா பேகம் தொண்டையைப் பலமாகச் செருமினார்.

அவ்வளவுதான்! மொத்த வரிசையும் மடமடவென்று மல்லாந்தது. ஒருவர் ஆர்வக் கோளாறில் உருண்டு வந்து, பெட்சீட்டுக்கு அடியில் தலையை நீட்டினார். சிஃபூ இன்னும் தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் சிரிப்பு கிளம்பி நாற்காலிகளைக் குலுக்கியது.

"பருத்தி!" என்று சிஃபூ எழுந்து அலறினார். "பருத்தித் துணி உள்மூச்சை உறிஞ்சிப்போடும்! பட்டா இருந்திருந்தா..."

எந்த ஊரில் சொல்லக் கூடாதோ அந்த ஊரில் சொல்லிவிட்டார். சென்னிமலைச் சீடருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "ஏனுங்க, பருத்தி ஆகாதுன்னா பஞ்சு மில்லு ஊருக்கு எதுக்குங்க வந்தீங்க?" என்றார். கோபத்திலும் மரியாதை குறையவில்லை.

"நம்பிக்கையில்லாதவங்க இருக்கற எடத்துல சக்தி வேலை செய்யாதுங்க!"

"நான் செருமுனதுக்கு மட்டும் எப்படிங்க வேலை செஞ்சுது?" என்று கேட்டார் சாஜிதா பேகம்.

சிஃபூ அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்வாசலைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் அப்துல் நாசர் காலை இழுத்து இழுத்து மேடைக்கு வந்தார். கட்டுப்போட்ட காலிலிருந்து நாற்றம் வீசியது. அவர் சிஃபூவைப் பார்க்கவே இல்லை. மெத்தையில் கிடந்த பாலுசாமிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணா, அன்னைக்கு உழுந்தீங்களே. அதாச்சும் நெசந்தானுங்களா?"

பாலுசாமி அந்தக் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். இதற்கு மேலும் மரியாதை பார்த்தால் அதற்குப் பெயர் கொலை என்று அவருக்குப் பட்டது.

"இல்லீங்க பாய். நீட்டுன கையோட நின்னாரு, சங்கடப்படுவாருன்னு உழுந்துபோட்டேன். மரியாதைக்குத்தானுங்க."

"அட, நீங்களுமுங்களா?" என்று பக்கத்தில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "நானும் மரியாதைக்குத்தானுங்க!"

"நீங்கெல்லாம் உழுந்தீங்களேன்னு நானும் உழுந்தனுங்க" என்றார் மூன்றாமவர். வரிசை முழுக்க அதே கதைதான்.

பாலுசாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "எந்திரிச்சாச்சு பாய். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று நாசரின் தோளைத் தாங்கிப் பிடித்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தபோது மேடையில் சிஃபூவைக் காணோம். பின்வாசல் வழியாகப் போயிருந்தார். யாரும் தள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. பாலுசாமி பார்க்கப் போனபோது சாஜிதா பேகம் இன்சுலின் ஊசியோடு நின்றிருந்தார். நாசர் சமர்த்தாகச் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சிஃபூவை லேசா நெனச்சுப்போடாதீங்கண்ணா" என்றார் நாசர். "தொடாமலே என்ர விரலை எடுத்துப்போட்டாரு பாருங்க."

பாலுசாமியால் சிரிக்க முடியவில்லை.

நம் ஊர் மரியாதை நல்ல சரக்குதான், அதை யாரும் விட வேண்டாம். பெரியவர்களைக் கண்டால் தாராளமாகக் கும்பிடுங்கள், அதற்குக் கை இரண்டு இருக்கிறது. யோசிப்பதற்குத் தலை ஒன்றே ஒன்றுதான். அதையும் மரியாதைக்காகக் கீழே போட்டுவிட்டு நிற்பவனைத் தள்ள, சீனத்திலிருந்தா ஆள் வர வேண்டும்? தெருமுனையில் ஒருவன் செருமினாலே போதும்.