வெறும் வலையும் என் சுருக்கமான ஃபைலும்

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். லேப்டாப்ல இருக்குற டேட்டாவ ஃபைலா மாத்தணும், பிரிண்ட் எடுக்கணும், கோட்டைப்பட்டினம் கொண்டு போய்க் குடுக்கணும்.

நான் காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாடம் எடுக்குறேன். இதெல்லாம் கண்ண மூடிக்கிட்டுச் செய்வேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அன்னைக்கு நெஜமாவே கண்ண மூடிக்கிட்டுத்தான் செஞ்சேன்.

என்கூடப் படிச்ச ஃபாத்திமாவோட அத்தா, காதர் மாமா, அங்க நாட்டுப்படகு சங்கத்துக்குச் செயலாளர். கரையோரமா பாடு, அதாவது வலையில படுற மீனு, ரொம்பக் கொறஞ்சு போச்சு. கடலுக்குள்ள செயற்கைப் பாறை எறக்கினா மீன் வந்து அடையும், எங்க பக்கமும் எறக்குங்கன்னு சங்கத்துல மனு குடுத்திருந்தாங்க. "பாடு இல்லைங்கிறதுக்கு ஆதாரம் குடுங்க"ன்னு மீன்வளத்துறை ஆபீசர் கேட்டுட்டாரு. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிஞ்சு மூணு மணிக்கு அவரே வாராரு. அன்னைக்குக் குடுக்கலைன்னா இந்த வருஷப் பட்டியல்ல அவங்க ஊரு கெடையாது.

ஆதாரம் சங்கத்து நோட்டுல இருந்துச்சு. எந்தப் படகு என்னைக்குப் போச்சு, எந்த மீன் எத்தன கிலோ, எல்லாம் இருக்கும். ஒண்ணுமே படாத நாள்ல 'வெறும் வலை'ன்னு எழுதி ஒரு கோடு இழுத்திருப்பாங்க.

"எதுக்கு மாமா நோட்டு? ஆபீசர் அசர்ற மாதிரி கம்ப்யூட்டர்ல பண்ணித் தாரேன்"னு நானாத்தான் போய் வாங்கினேன். என்னைய யாரும் கூப்பிடல. இத இங்க பதிவு பண்ணிக்கிறேன்.

'ஆர்'னு ஒரு சாஃப்ட்வேர். அதுல ஏத்தினேன். படகு கடலுக்குப் போன ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு மீனுக்கும் மேலேருந்து கீழா ஒரு பத்தி, கட்டத்துக்குள்ள கிலோ. மீனு எண்பது வகை, ஒரு படகு கொண்டு வாரது மூணோ நாலோ. மத்த கட்டமெல்லாம் சைபர். இந்த மாதிரி சைபரா கெடக்குறதுக்கு ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ்னு பேரு. சைபர விட்டுட்டு, எங்க நம்பர் இருக்கோ அத மட்டும் ஞாபகம் வச்சுக்கும். எடம் மிச்சம்.

காலைல குளத்தூர்ல எங்க வீட்டுலேருந்து கெளம்பும்போதே முழு மேட்ரிக்ஸையும் ஃபைலா மாத்தி பென்டிரைவ்ல போட்டாச்சு. புதுக்கோட்டை மாறி அறந்தாங்கி வந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல குடுத்தேன். பிரிண்டர் ஓட ஆரம்பிச்சுச்சு. ஓடுச்சு. ஓடிக்கிட்டே இருந்துச்சு.

கடைக்கார அண்ணன் ஒரு பேப்பர எடுத்துப் பாத்தாரு. அடுத்தத எடுத்தாரு. அப்புறம் பிரிண்டர ரெண்டு தட்டு தட்டினாரு.

"ஏம்மா, பக்கம் பூரா சைபரா வருதே. மிஷின் எதும் போயிருச்சா?"

"இல்லண்ணே, டேட்டாவே அப்பிடித்தான்."

"இதுக்கு எதுக்கும்மா பிரிண்டு? சைபர்னு ஒரு தடவ எழுதிக்கிட்டாப் போதாதா?"

பின்னாடி நின்ன நாலு பேரும் சிரிச்சுட்டாங்க. எனக்கு மானம் போச்சு! "நிறுத்துங்கண்ணே, சுருக்கிக் குடுக்குறேன்"னேன்.

அங்கேயே லேப்டாப்பத் தொறந்தேன். சைபர் இல்லாத கட்டத்த மட்டும் எடுத்து மூணு பத்தியா ஆக்கினேன். வரிசை நம்பர், மீன் நம்பர், கிலோ. பிரிண்ட் எடுத்தா மொத்தக் கட்டும் ஒரு கைக்குள்ள அடங்கிருச்சு. கடைக்கார அண்ணனப் பெருமையா ஒரு பார்வை பாத்துட்டு பஸ் ஏறினேன். சார்ஜர் அவரு கடையிலேயே இருந்துச்சு.

மூணு மணி. சங்கத்து ஆபீஸ்ல முப்பது பேர். ஆபீசர் வந்து உக்காந்தாரு. காதர் மாமா எந்திரிச்சு, "நம்ம புள்ள, காலேஜ்ல வாத்தியார். கம்ப்யூட்டர்லயே பண்ணியாந்திருக்கு"ன்னு ஒரு பில்டப் குடுத்தாரு. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. நானும் சும்மா இருக்காம துப்பட்டாவச் சரி பண்ணிக்கிட்டேன்.

ஆபீசர் மொத பக்கத்தப் பாத்தாரு.

"ஒண்ணு, பதினேழு, நாப்பது. இது என்னம்மா?"

"ஒண்ணாவது தடவ போனப்ப பதினேழாவது மீனு நாப்பது கிலோ சார்."

"பதினேழாவது மீனுன்னா?"

நானும் குனிஞ்சு பேப்பரப் பாத்தேன். சுருக்கும்போது பேரெல்லாம் கழண்டு போய் நம்பர் மட்டும் வந்திருக்கு. மீன் பேரும் இல்ல, படகு பேரும் இல்ல, தேதியும் இல்ல. லேப்டாப்பத் தொறந்தா, சார்ஜ் போய் அது கண்ண மூடிருச்சு.

ஆரோக்கியம் அண்ணன் எட்டிப் பாத்தாரு. அவருக்கு ரெண்டு படகு. "நாப்பது கிலோவா? அது காரல் மீனாத்தான் இருக்கும். அன்னைக்குப் போனது என் படகு."

"ஒன் படகுக்கு ஏதுய்யா நாப்பது கிலோ? அது என்னோடது, நகரை மீனு"ன்னு இங்கிட்டிருந்து ஒருத்தர்.

"நகரையா? அந்த மாசம் ஒன் வலையே கிழிஞ்சு கெடந்துச்சே!"

பத்து நிமிஷம் பதினேழாவது மீனுக்குச் சண்ட. ஆபீசர் மட்டும் அமைதியா வெரல வச்சு மொதப் பத்தியில எறங்கிக்கிட்டே போனாரு. வெரல் நின்னுச்சு.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, அடுத்து எட்டு. நடுவுல நாலுலேருந்து ஏழு வரைக்கும் எங்கம்மா?"

"அது வராது சார். அதெல்லாம் முழு வரிசையும் சைபர். சைபர் இருந்தா இதுல எழுதாது சார்."

"சைபர்னா?"

"கடலுக்குப் போய், ஒண்ணும் படாம..."

சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கே புரிஞ்சு போச்சு.

காதர் மாமா ரொம்பப் பொறுமையாக் கேட்டாரு. "ஏம்மா, வெறும் வலையா வந்தத ஆபீசருக்குக் காட்டணும்னுதானே நோட்டக் குடுத்தோம்?"

"ஆமா மாமா."

"நீ அத மட்டும் விட்டுட்டு, மீனு பட்டத பூராக் கொண்டாந்திருக்கியா?"

"ஆமா மாமா."

ஆபீசர் பேப்பரப் பொரட்டிக்கிட்டே, "இதப் பாத்தா ஒங்களுக்குத் தினமும் நல்ல பாடு போலயே?"ன்னாரு. எனக்கு அப்பிடியே பூமி பொளந்து உள்ள போயிறலாம் போல இருந்துச்சு. மூணு மாசமா முப்பது குடும்பம் கடல்ல அலைஞ்ச அலைச்சல நான் அழகா நாலா மடிச்சுக் கொண்டாந்திருக்கேன்.

நல்ல மனுசன் அவரு. "மீமிசல் போயிட்டு அஞ்சு மணிக்கு இப்பிடித்தான் திரும்புவேன். அதுக்குள்ள முடிஞ்சாக் குடுங்க"ன்னுட்டுப் போயிட்டாரு.

காதர் மாமா பீரோவத் தொறந்து, நான் ஏத்தி முடிச்சுத் திருப்பிக் குடுத்திருந்த நோட்டையெல்லாம் எடுத்துப் போட்டாரு. படகுக்காரங்க ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்கிட்டு, வெறும் வலை எங்க இருக்குன்னு தேடித் தேடி வாசிச்சாங்க. படகு பேரு, தேதி, வெறும் வலை. நான் பேனா புடிச்சு எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கத இருந்துச்சு. "அன்னைக்குத்தான் என் மக நிச்சயம், ஒரு மீனு இல்லாம வந்தேன்"னு ஒருத்தர் சொன்னப்ப, சைபர்னு எழுத எனக்குக் கையே வரல.

அஞ்சே காலுக்கு ஆபீசர் வந்தாரு. என் கையெழுத்துல பதினோரு பக்கம். நின்னுக்கிட்டே எல்லாத்தையும் படிச்சாரு.

"ஆதாரம்னா இதுதாங்க. போதும். பட்டியல்ல சேத்துடுறேன்."

ஆபீஸே கலகலன்னு ஆயிருச்சு. ஜீப்புல ஏறப் போனவரு திரும்பி, "இத அப்பிடியே கம்ப்யூட்டர்ல ஏத்தி, நாளைக்கு எனக்கு மெயில் பண்ணிடுங்க"ன்னாரு.

முப்பது பேரும் ஒரே நேரத்துல என்னையப் பாத்தாங்க.

ஆரோக்கியம் அண்ணன்தான் மெதுவாச் சொன்னாரு. "சார், அந்தப் புள்ள வேணாம் சார்."