நாற்பத்தாறு மஞ்சள் கற்கள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பொதுவான நோய் உண்டு. சொன்ன வேலையைச் செய்தால் போதாது, கூட ஒரு பங்கு செய்தால்தான் நம் அருமை வெளியே தெரியும் என்று நினைப்பார்கள். எனக்கு அந்த நோய் முற்றிப்போயிருந்தது. அதன் அடையாளத்தை ஒலக்கூர் பக்கம் ஒரு புதர்க்காட்டின் எல்லையில் இன்றைக்கும் பார்க்கலாம். மழைக்காலத்தில் போனால் இன்னும் நன்றாகத் தெரியும்.

எட்டு வருடங்களுக்கு முன்பு திண்டிவனத்தில் ஒரு சிறிய அறக்கட்டளையில் சேர்ந்தேன். தையல் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை, இரண்டு மேசை, காற்றை விடச் சத்தம் அதிகமாகப் போடும் மின்விசிறி ஒன்று. நிலத்தைப் பாதுகாப்பது எங்கள் வேலை. கேட்க வீரமாக இருக்கும். (நானும் அதில்தான் ஏமாந்தேன்.) உண்மையில் நாங்கள் செய்வது, பட்டா வைத்திருப்பவர்களைத் தேடிப் போய், அவர்கள் தரும் மோரைக் குடித்துவிட்டு, "அந்தப் புதரை மட்டும் வெட்டாம வுட்டுடுங்க" என்று கெஞ்சுவது. ஒத்துக்கொண்டால் இருபது வருட ஒப்பந்தம் போடுவோம். பிறகு வருடம் ஒரு முறை எல்லையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் நின்று படம் எடுப்போம். வழியில் சீமைக்கருவேலங்கன்று தென்பட்டால் பிடுங்கிப் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் காலில் முள் இருக்கும்.

எங்கள் செயலாளர் அருள்மேரி அக்கா அதிகம் பேசமாட்டார். திட்டவும் மாட்டார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார் என்றால் நாம் ஏதோ பெரிய தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம். எனக்கு மூன்று மாதச் சோதனைக் காலம். அதற்குள் அந்தக் கண்ணாடி எத்தனை முறை துடைக்கப்பட்டது என்று சொல்ல விரும்பவில்லை.

நான் சேர்ந்தபோது அக்கா ஒரு வருடமாக ஒரே ஒரு நிலத்துக்காக அலைந்துகொண்டிருந்தார். எட்டு ஏக்கர் புதர்க்காடு. களா, சூரை, காரை என்று பார்ப்பதெல்லாம் முள். உள்ளே கவுதாரியும் முயலும் உண்டு. சுற்றியிருந்த கொல்லைகளெல்லாம் ஒவ்வொன்றாக மனையாகிவிட்ட பிறகு, அந்தப் பக்கத்தில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். கூட்டுப் பட்டா. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற தனபால் அண்ணனுக்குப் பாதி, விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்ட அவருடைய அக்கா சகுந்தலாம்மாவுக்குப் பாதி.

தனபால் அண்ணன் ஒத்துக்கொண்டுவிட்டார். சிக்கல் என்னவென்றால் அக்காவும் தம்பியும் பேசி மூன்று வருடமாகியிருந்தது. பக்கத்திலேயே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுவந்த கொல்லையை அவர் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றுவிட்டார். அது தனிப் பட்டா, விற்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் சகுந்தலாம்மா ஒரு நாள் ஊருக்கு வந்தபோது, சின்ன வயதில் கூடவே நின்று மல்லாட்டை பிடுங்கிய இடத்தில் கல் நட்டு, கொடி கட்டி, மனை போட்டிருந்தார்கள். அங்கேயே திரும்பி அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனவர்தான்.

அருள்மேரி அக்கா ஐந்து முறை விழுப்புரம் போய் அவரைச் சம்மதிக்க வைத்தார். ஒரே நிபந்தனை. "நான் மொதல்ல கண்ணால பாக்கணும். எங்கப்பா வுட்டுட்டுப் போன மாதிரியே இருந்தாத்தான் கையெழுத்து."

கையெழுத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். நில அளவையாளர் வந்து அளந்து எல்லைக் கல் நட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்கு இடப்பட்ட வேலை மிகச் சின்னது. "கோமதி, அந்தம்மா எல்லையச் சுத்தி நடக்கறப்ப கல்லு கண்ணுக்குத் தெரியணும். கொஞ்சம் சுண்ணாம்பு அடிச்சிடு. ஒரு பந்தல், இருவது பேருக்குச் சாப்பாடு. அவ்ளோதான்."

அவ்வளவுதான். சுண்ணாம்பு அடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

என் தாய்மாமா ஏழுமலையிடம் பந்தல் கேட்கப் போனேன். மனை விற்கிறவர்களுக்குப் பந்தல், நாற்காலி, கொடி எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பது அவர் தொழில். விஷயத்தைச் சொன்னதும் மாமா சிரித்தார்.

"சுண்ணாம்பா? ஒரு மழைக்குத் தாங்காது கோமு. எங்கிட்ட எனாமல் பெயின்ட் ரெண்டு டப்பா சும்மா கெடக்குது. எடுத்துக்கினு போ. கொடியும் மூட்டையா வச்சிக்கினு இருக்கேன், வேணுமா?"

வேணுமாவா? இலவசமாகக் கிடைக்கிறது, பளிச்சென்று இருக்கிறது, மழைக்கும் போகாது. சொன்னதை விட ஒரு படி மேலே. என் நோய்க்கு இதை விட வேறென்ன வேண்டும்?

வியாழக்கிழமை முழுக்க மாமாவின் ஆட்கள் இரண்டு பேரோடு வேலை செய்தேன். நாற்பத்தாறு கல்லுக்கும் மஞ்சள் பெயின்ட். அதோடு விட்டேனா? வருடாவருடம் படம் எடுக்கும்போது எது எந்தக் கல் என்று குழம்பக் கூடாதே என்று, ஒன்றிலிருந்து நாற்பத்தாறு வரை சிவப்பில் நம்பர் போட்டேன். எல்லை நெடுக சிவப்பு, பச்சை, நீலம் என்று முக்கோணக் கொடி. சாலையோரம் கலர் துணிப் பந்தல். தூரத்தில் நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

நான் திண்டிவனத்திலேயே பிறந்து வளர்ந்தவள். சாலையின் இரண்டு பக்கமும் மஞ்சள் கல்லும் கலர் கொடியும் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள். அன்றைக்கு மட்டும் உறைக்கவில்லை. மாமாவுக்காவது உறைத்திருக்கலாம். ஆனால் அவருக்கு அதுதான் தொழில், அவர் கண்ணுக்கு எல்லா நிலமும் அப்படித்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை புதுச் சுங்குடிப் புடவையில் போய் நின்றேன். தனபால் அண்ணனின் ஸ்கூட்டர் வருவது தெரிந்தது. கையை ஆட்டினேன். நிற்காமல் போய்விட்டது. ஐந்து நிமிடம் கழித்து எதிர்ப்பக்கமிருந்து வந்தது. மறுபடியும் போய்விட்டது. (சொந்த நிலம் அவருக்கே அடையாளம் தெரியவில்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.)

இதற்குள் சென்னைப் பதிவெண்ணுடன் ஒரு கார் வந்து நின்றது. நடுத்தர வயதுக் கணவன் மனைவி இறங்கினார்கள். கேள்வி கேட்காமல் பந்தலில் உட்கார்ந்தார்கள். இயற்கை ஆர்வலர்கள் போலிருக்கிறது, செய்தி சென்னை வரைக்கும் போய்விட்டதே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மோர் கொடுத்து, எல்லையைச் சுற்றிக் காட்டக் கூட்டிப் போனேன்.

"தண்ணி எப்படிம்மா?" என்றார் கணவர்.

"நல்ல தண்ணி சார். இந்தப் புதர் மழைத்தண்ணிய இறக்குது, அதனாலதான் பக்கத்துக் கிணறெல்லாம் வத்தறதே இல்ல."

"அப்பாடா," என்றார் மனைவி. "எங்களுக்குக் கெழக்குப் பார்த்த மாதிரி வேணும். இந்தப் பதினேழாம் நம்பர் இன்னும் யாரும் எடுக்கலையே?"

பதினேழாம் நம்பர் கல்லை எதற்கு எடுக்க வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, சாலையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து அருள்மேரி அக்காவும், கையில் மஞ்சள் பையோடு உயரமாக ஓர் அம்மாவும் இறங்கினார்கள். அந்த அம்மா பந்தலைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கடைசியாகச் சென்னைத் தம்பதியைப் பார்த்தார். அருள்மேரி அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

அந்த ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மூன்றாவது முறையாக வந்த ஸ்கூட்டரும் அப்போதுதான் நின்றது.

"ஏண்டா," என்றார் சகுந்தலாம்மா. மூன்று வருடம் கழித்துத் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை அது. "என் கையெழுத்துகூட வேணாமா? அதுக்குள்ள பிளாட்டு போட்டு, ஆளையும் இட்டாந்து காட்டிக்கினு இருக்கியா?"

"யக்கா, சத்தியமா எனக்கு ஒண்ணுந் தெரியாது! நானே எங்க நெலத்தத் தேடிக்கினு ரெண்டு சுத்து சுத்திட்டு வர்றேன்!" தனபால் அண்ணன் அருள்மேரி அக்கா பக்கம் திரும்பினார். "இன்னாங்க இது? காட்டக் காப்பாத்தறோம்னு சொல்லிக்கினு நீங்களே பிளாட்டு போட்டுட்டீங்களா?"

அருள்மேரி அக்கா கண்ணாடியைத் துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சென்னைத் தம்பதியும் பார்த்தார்கள்.

நான் விளக்கினேன். எனாமல், மாமா, மழை, நம்பர் என்று கோர்வையில்லாமல் உளறினேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. சகுந்தலாம்மா முழுவதையும் கேட்டுவிட்டுத் தம்பியிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணுக்கு மண்டையில எதாவது கீதாடா?"

"பாத்தா படிச்ச பொண்ணு மாதிரிதான் கீது," என்றார் தனபால் அண்ணன்.

மூன்று வருடம் பேசாதிருந்த இரண்டு பேரும் என்னைத் திட்டும் சாக்கில் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் முடித்தார். ஒப்பந்தம் போயிற்று, வேலையும் போயிற்று, அருள்மேரி அக்காவின் ஒரு வருட அலைச்சலை இரண்டு டப்பா பெயின்டில் கரைத்துவிட்டேன் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மா," என்றார் அருள்மேரி அக்கா, சாவகாசமாக. "கொடிய இப்பவே புடுங்கிடலாம். பெயின்ட்டுக்குத்தான் என்ன செய்யறதுன்னு நீங்களே சொல்லுங்க."

"எனாமல் சொரண்டினா போவாது," என்றார் சகுந்தலாம்மா. சுற்றுமுற்றும் பார்த்தார். எதிரே காலி மனையில் நான்கு மாடு கட்டியிருந்தது. "சாணிய அள்ளிப் பூசச் சொல்லுங்க. நாப்பத்தாறும் முடியட்டும், அப்புறம் பேனாவ எடுக்கறேன்."

புதுச் சுங்குடிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு வாளிச் சாணியோடு முதல் கல்லில் ஆரம்பித்தேன். பின்னாலேயே சகுந்தலாம்மா மேற்பார்வை. "அஞ்சுல ஓரமா மஞ்சள் தெரியுது. ஜல்தியா பூசு, வெய்யில் ஏறுது." வழியில் முள் கிளை குறுக்கிட்டபோதெல்லாம் தனபால் அண்ணன் கம்பால் ஒதுக்கிப் பிடித்தார். அதனால் அக்கா தம்பி இரண்டு பேரும் காட்டை முழுச் சுற்று சுற்றி வர வேண்டியதாகிவிட்டது. சென்னைத் தம்பதி இரண்டு பொட்டலம் தக்காளி சாதம் சாப்பிட்டுவிட்டு, சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்த நிஜமான மனையைப் பார்க்கப் போனார்கள்.

முப்பத்தொன்றாவது கல் பக்கத்தில் பின்னால் சத்தம் நின்றது. திரும்பினேன். சகுந்தலாம்மா ஒரு பெரிய களாச் செடியின் முன்னால் நின்றிருந்தார்.

"இது இன்னும் கீதா?"

"இல்லாம? நீ பேசாம போய்ட்டன்னு இதையும் வெட்டிடுவேன்னு நெனச்சியா?" என்றார் தனபால் அண்ணன். பிறகு, குரலே மாறிப்போய், "கொல்லைய விக்கறப்ப உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும் யக்கா. தப்புதான்," என்றார்.

அந்தம்மா நான்கு களாக்காயைப் பறித்து, இரண்டைத் தம்பி கையில் வைத்தார். (சாணி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் ரசிக்கக் கூடாது என்று குனிந்து முப்பத்திரண்டுக்குப் போனேன்.)

நாற்பத்தாறாவது கல்லைப் பூசி முடிக்க மதியம் மூன்று மணி ஆயிற்று. கையெழுத்து போடும் முன் சகுந்தலாம்மா ஒப்பந்தத்தில் கையாலேயே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். "இந்நிலத்தின் எல்லைக் கற்களுக்கு வர்ணம் பூசுவதோ கொடி நடுவதோ கூடாது." பிறகு அக்காவும் தம்பியும் ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டார்கள். என்னுடைய சோதனைக் காலம் மட்டும் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதமாயிற்று.

அந்த வரி அதற்குப் பிறகு நாங்கள் போட்ட எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிறது. படிக்கும்போது நிலக்காரர்கள் தவறாமல் கேட்பார்கள்: "இன்னாத்துக்குங்க இது?" அலுவலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள். மாமாவின் எனாமலோ, இந்த எட்டு வருடமாக அசரவில்லை. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் சாணி கரைந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். உடனே விழுப்புரத்திலிருந்து போன் வரும். "கோமதி, நல்ல மழை பெஞ்சுதாமே. தம்பி சொன்னான், பதினேழு தெரியுதாம்." வாளியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். எங்கள் வருடாந்தரப் பணிப் பட்டியலில் படம் எடுப்பதற்குக் கீழே அது எழுதியே இருக்கிறது.

போன தை மாதம் நானும் என் கணவரும் திண்டிவனத்தில் ஒரு மனை வாங்கினோம். (நிலத்தைப் பாதுகாக்கிறவள் மனை வாங்கலாமா என்று கேட்காதீர்கள். மூன்று வாடகை வீடு மாறிவிட்டோம்.) பூமி பூஜைக்குப் போய் இறங்கியதும் கணவர் நான்கு மூலையையும் பார்த்தார். மஞ்சள் பெயின்ட், சிவப்பு நம்பர்.

"கோமதி, நல்லா விசாரிச்சியா? இது யார் வீட்டுக் காடும் இல்லியே?"

பின்னாலேயே ஆட்டோ சத்தம் கேட்டது. சகுந்தலாம்மா இறங்கினார். கூடவே தனபால் அண்ணன், கையில் மூடி போட்ட ஒரு வாளி. பூஜைக்குச் சாணி தெளிப்பது எல்லா வீட்டிலும் வழக்கம்தான். ஏழுமலை மாமா ஓடிப்போய் வாளியை வாங்கினார்.

"இருய்யா," என்றார் சகுந்தலாம்மா. என் பக்கம் திரும்பினார். "மொதல்ல அவ நாலு கல்லையும் பூசட்டும். அப்புறம் ஐயரக் கூப்புடு."

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன்.