அம்மா என்னைத் தூக்கிய கதை

கல்யாண மாப்பிள்ளையை நம்பி யாரும் எந்த வேலையும் கொடுப்பதில்லை. அன்று அவன் செய்ய வேண்டியதெல்லாம் சொன்ன இடத்தில் உட்காருவதும், சொன்ன நேரத்தில் எழுந்திருப்பதும்தான். நான் உட்காருவதை ஒழுங்காகச் செய்தேன். எழுந்திருக்க வேண்டிய இடத்தில்தான் எழுந்திருக்கவில்லை. அதனால் என் அம்மாவின் முதுகெலும்பு ஒன்று நொறுங்கிப் போனது.

அப்போது நாங்கள் சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய தம்போயில் குடியிருந்தோம். அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. செம்பனைத் தோட்டத்தில் உழைத்து அக்காவையும் என்னையும் ஆளாக்கிய அம்மா, அறுபதைத் தாண்டியிருந்தார். நான் தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருவேன். போகும்போது பரோட்டா மாதிரி நெய் வழியும் ரொட்டி சானாய், வரும்போது பசிக்காவிட்டாலும் ரொட்டி சானாய். (மாப்பிள்ளை வேட்டியை அக்கா தனியாகச் சொல்லி அகலமாக வாங்கி வர வேண்டியிருந்தது.)

நான் பெருத்துக்கொண்டே போன அதே காலத்தில் அம்மா குள்ளமாகிக்கொண்டே வந்தார். சாமி மேடையின் மேல் தட்டு அவருக்கு எட்டவில்லை. "இத எவன்டா தூக்கி மாட்டுனது?" என்று சத்தம் போடுவார்.

"மேடை அங்கதான் இருக்கு. நீங்கதான் சுருங்கிட்டீங்க லா, சுடுதண்ணியில போட்ட சட்டை மாதிரி" என்று நான் சிரிப்பேன். பெரிய அறிவாளி என்று நினைப்பு.

கல்யாணத்துக்கு முந்தின வருடம் குளியலறையில் லேசாக வழுக்கி, கையை ஊன்றியதற்கே அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து தரையைத் திட்டினோம். தரையைப் பெயர்த்துப் புதுத் தரை போட்டோம். எலும்பைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

கல்யாணம் பெண் வீட்டார் ஊரான யோங் பெங்கில், அங்குள்ள கோயிலில். கிளம்புவதற்கு முன் வீட்டில் அம்மா காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்க வேண்டும். வீடியோ எடுக்க மூவாரிலிருந்து வந்திருந்த தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, விழுந்த உடனே எந்திரிச்சிறாதீங்க. அம்மாவே தோளப் புடிச்சு தூக்கணும். அப்பதான் ஃபீலிங் வரும்."

ஃபீலிங் வர வேண்டும் என்று எனக்கும் ஆசை. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். தட்டிலிருந்த பூ குதித்தது.

"நல்லா இருப்பா. எந்திரி" என்றார் அம்மா. நான் அசையவில்லை.

"எந்திரிடா, நேரமாச்சு." ஊகும். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறதே.

இந்தப் பிள்ளை தானாக எழாது என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து, இரண்டு கையையும் என் அக்குளுக்குள் கொடுத்து, ஒரே தூக்காகத் தூக்கினார். 'ம்ம்' என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர் கண்ணில் தாரை தாரையாகக் கண்ணீர். ஆனந்தக் கண்ணீர் என்று உருகிப்போய் அவரை இறுக்கிக் கட்டிப்பிடித்தேன். (ஆமாம், அதையும் செய்தேன்.)

"சூப்பர் அண்ணே, சூப்பர்!" என்றார் வீடியோ தம்பி.

அக்காவுக்கு மட்டும் சந்தேகம். காரில் ஏறும்போது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சுப் புடிப்புதான். தாலி ஏறுற வரைக்கும் யார்கிட்டயும் வாயத் திறக்காத" என்று சொல்லியிருக்கிறார். யோங் பெங் போய்ச் சேரும்வரை அக்கா அவர் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தாராம். கோயிலில் அம்மா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மவன் மேல எம்புட்டுப் பாசம் பாருங்க" என்று சொந்தக்காரர்கள் டிஷ்யூ நீட்டினார்கள். நான் தாலி கட்டும்போது அம்மா அக்காவின் தோளைப் பிடித்து எழுந்து அட்சதை போட்டார். அது என் தலைவரை வந்து சேரவேயில்லை. மேளச் சத்தத்தில் நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் காலை அவரால் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. சுளுக்கு உருவுகிற ஆளைக் கூட்டி வருகிறேன் என்று நான் கிளம்பினேன். முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்த என் மனைவி, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "யாரும் அவங்க முதுகத் தொடக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்." நல்லவேளை, அன்றைக்கே அவள் பேச்சைக் கேட்கப் பழகிவிட்டேன்.

டாக்டர் தமிழ்ப் பெண்மணி. எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி கீழ விழுந்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல, டாக்டர்."

"கனமா ஏதாச்சும் தூக்குனாங்களா?"

அக்கா மெதுவாக விரலை நீட்டி என்னைக் காட்டினார். டாக்டர் என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

"அலமாக்! இவரையா?"

வயதான காலத்தில் எலும்பு உள்ளுக்குள்ளேயே மெலிந்து வலுவிழந்துவிடும் என்றும், வெளியே ஒன்றும் தெரியாது என்றும் டாக்டர் விளக்கினார். உயரம் குறைந்ததும், லேசாக வழுக்கியதற்கே கை முறிந்ததும் அதன் அறிகுறிகளாம். நான் அங்கேயே விம்மி அழுதேன். படுத்திருந்த அம்மா, "அழுவாதடா. உன்னச் சமாதானப்படுத்த இப்ப என்னால குனிய முடியாது" என்றார்.

பிறகு இடுப்பில் பட்டை, மருந்து, மாத்திரை. சாயங்காலங்களில் மாமியாரும் மருமகளும் கைகோத்துத் தெருக்கோடி வரை மெல்ல நடந்து வருவார்கள். என்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவர்கள் சிரிப்பிலிருந்தே தெரியும். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அன்று எலும்பு இன்னும் மோசமாக முறிந்திருந்தால் அம்மா நடக்காமலே போயிருப்பார். என்னை அவர்கள் இருவரும் இன்னும் நிறையக் கேலி செய்யட்டும்.

கல்யாண வீடியோவை விருந்தாளி வரும்போதெல்லாம் போடுவார்கள். எலும்பு நொறுங்கும் இடத்தில் ஸ்லோ மோஷனும் புல்லாங்குழலும் வைத்திருக்கிறார் அந்தத் தம்பி. அந்தக் கல்யாணத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: அம்மா காலில் யாரும் விழலாம், எழுந்திருப்பது அவரவர் பாடு.

போன தீபாவளிக்கு நானும் விழுந்தேன். எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டதல்லவா, முட்டி பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை. நாற்காலியிலிருந்த அம்மாவின் இரண்டு கையும் தன்னால் என் தோளுக்கு வந்தன.

"அம்மா, வேணாம்!" என்று மொத்த வீடும் அலறியது. மனைவியும் மகளும் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னை நிமிர்த்தினார்கள்.

அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரையும் முறைத்தார். "ஒரு தரம் முதுகு போச்சுன்னு, பெத்த புள்ளய ஆயுசுக்கும் தூக்க விடமாட்டேங்கிறாங்களே!"