முதலில் வருவதற்குப் பூஜ்ஜியம் என்று பெயர்

அறிவாளி என்று பேர் வாங்கியவனை மெஷின் பக்கம் விடவே கூடாது. நான் அப்படிப் பேர் வாங்கியவன். பெங்களூரு வேலையை விட்டுவிட்டுத் திருப்பூர் வந்து, பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் உடனே மெஷினை நிறுத்துகிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியைச் செய்தேன். (செய்து முடித்ததாக நானே அறிவித்துக்கொண்டேன் என்பதுதான் சரி.)

திருப்பூர் மண்ணரையில் என் மாமனாருக்கு நிட்டிங் யூனிட். புது மெஷினுக்கு வெளிநாட்டுப் பெட்டிதான் வேண்டும் என்றார் அவர். என் மனைவியின் அண்ணன் செந்தில் எனக்காக மல்லுக்கு நின்றார். "நம்ம மாப்ள பண்ணுனதையே மாட்டலாமுங்கப்பா. ஏதாச்சும் ஆச்சுன்னா நான் பொறுப்பு." மாமனார் அரைமனதாகத் தலையாட்டினார். புது மெஷினுக்குப் பூஜை போடும் அன்றைக்கே, துணி வாங்கும் கம்பெனியின் பையர் ஆபீஸிலிருந்து ஒருவர் துணியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. துணி பிடித்தால்தான் ஆர்டர். அந்த ஆர்டரை நம்பித்தான் மச்சான் மெஷினே வாங்கியிருந்தார்.

என் பெட்டி ஆன் ஆக முக்கால் நிமிடம் பிடிக்கும். நல்ல நேரத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? என் கௌரவம் என்னாவது? எங்கே நேரம் போகிறது என்று தோண்டினேன். அது லினக்ஸ் பெட்டி. கரண்ட் வந்ததும், மற்ற வேலை தொடங்கும் முன், இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டிவைஸ் ஃபைல் உருவாக வேண்டும். அதன் வழியாகத்தான் என் புரோகிராம் அந்தக் கருவியோடு பேசும். வந்திருப்பது யார் என்று விசாரித்து, அதற்குரிய பெயரில் ஃபைல் போட ஒரு ரெடிமேட் புரோகிராம் இருந்தது. அதைத் தூக்கிக் கடாசினேன். நானே நாலு வரி எழுதினேன்: முதலில் வருவதற்குப் பூஜ்ஜியம், அடுத்ததற்கு ஒன்று. பூஜ்ஜியம் என்றால் நூல் சென்சார். ஒன்று என்றால் சுற்று எண்ணும் கருவி. வீட்டு மேஜையில் எத்தனையோ தடவை ஓட்டினேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எப்படித் தப்பும்? சென்சார் வயரைத்தான் எப்போதும் முதலில் செருகுவேன். (அப்படி ஒரு பழக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது.)

யூனிட்டில் வழக்கம் வேறு. கற்பூரம் காட்டி முடித்ததும் மாமனார் மெயின் சுவிட்சைப் போடுவார். எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெறும். அன்றும் போட்டார். பத்தே விநாடியில் என் பெட்டியில் பச்சை விளக்கு. மெஷின் சுற்றியது. எனக்கு மாலை வருகிறதா என்று பார்த்தேன்.

"நூலை அறுத்துக் காட்டுங்க மாப்ள," என்றார் மச்சான் பெருமையாக.

கத்தரியால் வெட்டினேன். மெஷின் நிற்கவில்லை. இன்னொரு நூலையும் வெட்டினேன். (எதற்கு? இன்று வரை தெரியாது.) மெஷின் பாட்டுக்குச் சுற்றியது, கை நுழைகிற ஓட்டையோடு துணி இறங்கியது. ஆபரேட்டர் ஓடிவந்து சிவப்புப் பட்டனை அமுக்கினார்.

அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. சுற்று எண்ணும் கருவி முந்திக்கொண்டு விழித்து, பூஜ்ஜியம் என்ற பெயரை வாங்கியிருக்கிறது. அது சுற்றுக்குச் சுற்று அனுப்பிய எண்ணை, நூல் நன்றாக இருக்கிறது என்ற சேதியாக என் புரோகிராம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

"என்னங்க மாப்பிள்ளை இது?" என்றார் மாமனார். பையர் ஆபீஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாந்தானுங்கப்பா வயரை மாத்திச் சொருகிப்போட்டேன்," என்றார் மச்சான். வயர் பக்கமே போகாத மனுஷன்! "மாப்ள மேல ஒண்ணும் தப்பில்லீங்க. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணீறலாம்."

"உன்ற கையை வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டியாடா?" என்று அத்தனை பேர் முன்னாலும் மாமனார் கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

கடாசிய புரோகிராமைத் திரும்பப் போட்டேன். மத்தியானம், நூல் அறுந்ததும் மெஷின் நின்றது. ஆர்டரும் வந்தது. ஆனால் அன்றிலிருந்து எந்த விசேஷமானாலும் செந்தில் வயர் மாற்றிய கதை இல்லாமல் பந்தி முடியாது. ஃபேன் நின்றால்கூட, "செந்தில் தொட்டானா?" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

போன ஆயுத பூஜையில் அவர் மகளே, "அப்பா, நீங்க தள்ளி நில்லுங்க," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் நிஜமாகவே ரெண்டடி தள்ளி நின்றார். எனக்குத் தாங்கவில்லை. டிவைஸ் ஃபைல் உட்பட அத்தனையையும் சபையில் போட்டு உடைத்தேன்.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாரு செந்திலு! உன்ற தப்பை இத்தனை வருசம் கழிச்சு மாப்பிள்ளை தன் தலைல போட்டுக்கறாரு. இந்த மனசு யாருக்கு வரும்?"

மச்சானுக்குச் சிரிப்பில் புரையேறியது. "உட்டுருங்க மாப்ள," என்றார்.

இப்போதெல்லாம் செந்தில் வயர் மாற்றிய கதை முடிந்ததும், மாப்பிள்ளையின் பெரிய மனசுக் கதையையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.